துன் வீ.தி.சம்பந்தன்: தோட்டத்தை மீட்டவர், அண்டை அயலாரை இணைத்தவர்

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குப் போகும் சாலையில் திரிங்காப் வந்தால், நம் நாட்டின் எல்லா முகங்களையும் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். சாலையோரக் கடைகளும் சரிவுகளில் இருக்கும் காய்கறித் தோட்டங்களும் பெரும்பாலும் சீனர்களுடையவை. ஒரு பக்கம் சுங்கை பாலாஸ், மறு பக்கம் புளூ வேலி எனத் தேயிலைத் தோட்டங்களும் அவற்றோடு வளர்ந்த தமிழ்ப்பள்ளிகளும் கோயில்களும் இருக்கின்றன. அரசாங்க அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் வேலை செய்யும் மலாய்க் குடும்பங்கள் உண்டு. மலையின் உட்புறக் கிராமங்களில் இவர்கள் எல்லோருக்கும் முன்பிருந்தே வாழ்ந்துவரும் செமாய் மக்கள் உண்டு. இன்று வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா, மியன்மார் நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்களும் அதே சாலையில் நடக்கிறார்கள்.

இத்தனை வகை மக்கள் அருகருகே இருப்பது வாழ்க்கைக்கு நிறைவு தருமா, உறுத்தல் தருமா? உலகம் முழுக்க ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் சமுதாயத்தில் பிறந்த ஒருவர் தம் பொதுவாழ்வில் பெரும்பகுதியை இதே கேள்வியோடு கழித்தார். அவர்தான் துன் வீ.தி.சம்பந்தன். தோட்டப் பாட்டாளிகளுக்காகக் கூட்டுறவுச் சங்கம் கண்டவர் என்று அவரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அவருடைய கடைசிப் பொறுப்பு அண்டை வீட்டாரை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தும் வேலை என்பது பலருக்கும் மறந்துபோனது. அந்த இரண்டு பணிகளும் ஒரே வாழ்வில் எப்படிச் சேர்ந்தன என்பதைப் பார்ப்போம்.

சுங்கை சிப்புட் பிள்ளை

சம்பந்தன் 1919 ஜூன் 16-ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். முழுப்பெயர் திருஞானசம்பந்தன். தந்தை வீராசாமி 1896-இல் தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்து, உழைப்பால் உயர்ந்து, ரப்பர் நிலங்களுக்குச் சொந்தக்காரர் ஆனவர். ஆகவே சம்பந்தன் பால் வெட்டும் லயத்து வீட்டில் வளர்ந்தவர் அல்லர். ஆனால் லயத்து வீடுகள் சூழ்ந்த ஊரில் வளர்ந்தவர். ஈயச் சுரங்கங்களில் சீனர்கள், தோட்டங்களில் தமிழர்கள், ஆற்றோரக் கம்போங்குகளில் மலாய்க்காரர்கள், மலையடிவாரத்தில் பூர்வக்குடியினர் என்று அந்த வட்டாரமும் ஏறக்குறைய நம் கேமரன் மலையைப் போலவேதான் இருந்தது.

கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் ஆங்கிலக் கல்வி பெற்றார். அங்கே எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். பிறகு தமிழ்நாட்டில் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். இரண்டாம் உலகப் போரும் இந்திய விடுதலைப் போராட்டமும் உச்சத்தில் இருந்த காலம் அது. காந்தியடிகளின் மீது அவருக்கு ஏற்பட்ட பற்று வாழ்நாள் முழுக்க நீடித்தது. மலாயா திரும்பிய பின், 1954-இல் சுங்கை சிப்புட்டில் அவர் முயற்சியில் எழுந்த தமிழ்ப்பள்ளிக்கு மகாத்மா காந்தி கலாசாலை என்று பெயர் வந்தது அந்தப் பற்றினால்தான். அதைத் திறந்துவைத்தவர் நேருவின் சகோதரி விஜயலட்சுமி பண்டிட்.

வேலிகள் எழுந்த காலம்

1948 ஜூன் 16. சம்பந்தனுக்கு அன்று 29 வயது நிறைந்தது. அதே நாளில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கம்யூனிஸ்டு ஆயுததாரிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. 1960 ஜூலை 31 வரை, 12 ஆண்டுகள் அது நீடித்தது.

அவசரகாலம் மக்கள் குடியிருந்த முறையையே மாற்றியது. காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குள் கொண்டுவரப்பட்டார்கள். கேமரன் மலையிலும் அப்படிப்பட்ட புதுக்கிராமங்கள் உருவாயின. திரிங்காப்பும் அவற்றில் ஒன்று. தோட்டத் தொழிலாளர்களின் லயங்களும் ஓரிடத்தில் நெருக்கி வைக்கப்பட்டு, வேலியும் காவலும் போடப்பட்டன. காட்டில் வாழ்ந்த பூர்வக்குடியினர் பலரும் இடம் மாற்றப்பட்டார்கள்.

இனவாரியாகப் பிரிந்து வாழும் வழக்கம் அவசரகாலத்தில் தொடங்கியது அன்று. காலனித்துவ ஆட்சி தொழிலைக் கொண்டே மக்களைப் பிரித்து வைத்திருந்தது. ரப்பருக்கும் தேயிலைக்கும் தமிழர், ஈயத்துக்கும் கடைக்கும் சீனர், நெல்லுக்கும் மீனுக்கும் மலாய்க்காரர் என்ற ஏற்பாடு அது. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியபோது கேமரன் மலைக்கு வந்த நம் முன்னோர் வேலை, வீடு, பள்ளி, கோயில், ஆயாக் கொட்டகை எல்லாவற்றையும் தோட்டத்துக்குள்ளேயே கண்டார்கள். வெளியே போய்ப் பழக வேண்டிய தேவை குறைவாக இருந்தது. அவசரகால வேலி, ஏற்கனவே இருந்த பிரிவைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்தது. பின்னாளில் முள்கம்பிகள் போய்விட்டன. ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாம் என்ற பழக்கம் சீக்கிரம் போகவில்லை.

தோட்டத்து வாசலுக்கு வந்த அரசியல்

1946-இல் ஜான் திவி தலைமையில் தொடங்கிய மலாயா இந்தியர் காங்கிரஸ், ஆரம்ப ஆண்டுகளில் நகரத்துப் படித்தவர்களின் கட்சியாக இருந்தது. தோட்டத்துத் தமிழர்கள்தான் இந்தியர்களில் பெரும்பான்மை. ஆனால் கட்சி மேடைகளில் அவர்களின் மொழி அதிகம் கேட்கவில்லை. 1955-இல் சம்பந்தன் கட்சித் தலைவரான பிறகு இது மாறியது. தமிழிலேயே பேசினார், தோட்டம் தோட்டமாகச் சென்றார், பாட்டாளிகளை உறுப்பினராக்கினார். 1973 வரை 18 ஆண்டுகள் தலைவராக இருந்தார்.

அதே 1955 ஜூலையில் நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. சேர்ந்த கூட்டணி 52 இடங்களில் 51-ஐ வென்றது. சம்பந்தனும் பேராக்கிலிருந்து வெற்றி பெற்றார். அந்தத் தேர்தலில் நாடு முழுவதும் வாக்காளர்களில் 100-க்கு 84 பேர் மலாய்க்காரர்கள். இந்தியர்களில் பெரும்பாலோருக்கு அப்போது குடியுரிமையே இல்லை. அப்படியிருந்தும் இந்திய வேட்பாளரும் சீன வேட்பாளரும் ஜெயித்தார்கள் என்றால், மற்ற இனத்தவரின் வாக்கு அவர்களுக்கு விழுந்தது என்றே பொருள். நம்பிக்கை வைத்தால் எல்லை தாண்டி வாக்கு வரும் என்பதை அரசியலின் தொடக்கத்திலேயே சம்பந்தன் கண்டார். அவருடைய பிற்காலப் பணிகளைப் புரிந்துகொள்ள இந்த அனுபவம் முக்கியம்.

தேர்தலுக்குப் பின் தொழிலாளர் அமைச்சராகவும், சுதந்திரத்தை ஒட்டிச் சுகாதார அமைச்சராகவும், பிறகு பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்பு அமைச்சராகவும் நீண்ட காலம் இருந்தார். துங்கு அப்துல் ரஹ்மானோடும் சீனர் சமூகத் தலைவர்களோடும் சேர்ந்து சுதந்திரத்துக்கு வழிவகுத்தவர் என்ற இடம் அவருக்கு வரலாற்றில் உண்டு.

சுதந்திரம் வந்த பிறகும் தோட்டத்தில் ஒரு பெரிய குறை இருந்தது. 1957 ஆகஸ்ட் 31-க்குப் பின் இங்கே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. அதற்கு முன் வந்தவர்களும் பிறந்தவர்களும் பலர் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. படிப்பறிவு குறைவு, பத்திரங்கள் இல்லாமை, இதெல்லாம் நமக்கெதற்கு என்ற அலட்சியம் ஆகியவற்றால் ஆயிரக்கணக்கானோர் சிவப்பு அடையாள கார்டோடு நின்றுவிட்டார்கள். நாளைக்கு இந்த ஊரில் இருப்போமா என்று தெரியாதவருக்குப் பக்கத்து வீட்டாரோடு உறவு வளர்க்கும் மனம் வராது. குடியுரிமை என்பது வாக்குச்சீட்டோடு முடியும் விஷயம் அன்று. ஊரில் வேர் பிடிக்க அதுதான் முதல் படி.

10 வெள்ளியில் ஒரு பங்கு

1950-களில் தோட்டங்களில் புதிய பயம் ஒன்று பரவியது. அதற்குத் தோட்டத் துண்டாடல் என்று பெயர். சுதந்திரம் வரப்போகிறது என்று அறிந்த வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் தோட்டத்தை நடத்தவில்லை. சில ஏக்கர் வீதம் துண்டு போட்டு விற்றுக் கை நிறைய லாபம் பார்த்தார்கள். துண்டு நிலம் வாங்கியவருக்குத் தோட்டத் தொழிலாளர் தேவையில்லை.

தோட்டத்தில் வேலை போனால் வேலை மட்டும் போவதில்லை. வீடு தோட்டத்துடையது, அதுவும் போகும். பள்ளி தோட்ட நிலத்தில் இருந்தது. அதுவும் ஆட்டம் காணும். தலைமுறையாகக் கும்பிட்ட மாரியம்மன் கோயில் யாருடைய துண்டில் விழும் என்று தெரியாது. ஒரே பெரட்டுக் களத்தில் நின்று பழகிய குடும்பங்கள் திசைக்கொன்றாகச் சிதறிப் போகும். நகரத்துக்கு ஓரமாகப் புறம்போக்கு நிலத்தில் குடிசை போட்டு, அறிமுகமே இல்லாத அண்டை வீட்டாரோடு, பயத்தோடு வாழ்க்கையைத் தொடங்க வேண்டும்.

இதற்குச் சம்பந்தன் கண்ட வழி எளிமையானது. வெளியார் வாங்கித் துண்டு போடுவதற்கு முன் தொழிலாளிகளே சேர்ந்து தோட்டத்தை வாங்கிவிட வேண்டும். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளி வீதம் கட்டலாம். நாட்கூலி வாங்கும் குடும்பத்துக்கு அந்த 10 வெள்ளியும் பெரிய தொகைதான். காந்தியக் கூட்டுறவு எண்ணத்தை அமைச்சர் ஒருவர் லயத்து வாசலில் நின்று விளக்க வேண்டியிருந்தது. பணம் போய்விடுமோ என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். கூலிக்காரன் தோட்டம் வாங்குவதா என்று சிரித்தவர்களும் இருந்தார்கள்.

1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியபோது அந்தச் சிரிப்பு அடங்கியது. அடுத்தடுத்து மேலும் தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன. கே.ஆர்.சோமசுந்தரம் சம்பந்தனுக்குத் துணையாக நின்று சங்கத்தை வளர்த்தார். கோலாலம்பூரில் சங்கத்தின் தலைமையகமான விஸ்மா துன் சம்பந்தன் இன்றும் நிற்கிறது.

சங்கத்தால் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. துண்டாடப்பட்ட தோட்டங்களின் பட்டியல் நீளமானது. பிந்தைய பத்தாண்டுகளில் மேம்பாட்டுத் திட்டங்களால் வெளியேற்றப்பட்ட குடும்பங்களும் ஏராளம். ஆனால் சங்கம் வாங்கிய தோட்டங்களில், வீடும் வேலையும் பள்ளியும் கோயிலும் அக்கம்பக்க உறவும் ஒரே அடியில் சிதறுவது தடுக்கப்பட்டது.

திரிங்காப்பில் இருப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம். தேயிலைத் தோட்டக் குடும்பத்துக்கு வீடு வேலையோடு கட்டப்பட்டது. பக்கத்துச் சரிவில் கோசும் தக்காளியும் போடும் சீன விவசாயிகளில் பலர் பல்லாண்டுகளாகத் தற்காலிக உரிமத்தில்தான் நிலத்தை உழுதார்கள். உரிமம் புதுப்பிக்கப்படுமா என்ற கவலை அவர்களுக்கு. செமாய் மக்களுக்கோ முன்னோர் நிலத்துக்குப் பட்டா என்ற சிக்கல் இன்னும் தீரவில்லை. மொழி வேறு, சாமி வேறு, ஆனால் காலடி மண் நமக்குச் சொந்தமா என்ற கவலை மூவருக்கும் ஒன்றுதான். ஒரே கவலை உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் போட்டியாளராகப் பார்ப்பதும் உண்டு, கூட்டாளியாகப் பார்ப்பதும் உண்டு. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் ஊரின் நிம்மதி இருக்கிறது.

மே 13-க்குப் பிறகு

1969 மே 13 கலவரம் நாட்டை உலுக்கியது. நாடாளுமன்றம் நிறுத்தி வைக்கப்பட்டு, துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் ஆட்சியை நடத்தியது. அந்தச் சிறிய மன்றத்தில் இந்தியர் சார்பாகச் சம்பந்தன் இடம்பெற்றார். சீனர் சார்பில் டான் சியூ சின் இருந்தார்.

நம் சமுதாயத்துக்கு அது இரட்டைச் சோதனைக் காலம். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்தது. சிவப்புக் கார்டோடு இருந்த தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்து, பிறந்த பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். சம்பந்தன் இன்னும் உறுதியாகப் போராடியிருக்க வேண்டும் என்று அன்றும் குறை சொன்னவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். உரக்கப் பேசி உரிமை கேட்பதைவிட, உட்கார்ந்து பேசி இணக்கம் காண்பதையே அவர் விரும்பினார். அந்தக் குணம் சில இடங்களில் பலன் தந்தது, சில இடங்களில் தரவில்லை என்பதே நேர்மையான கணக்கு.

கட்சிக்குள்ளும் தலைமைப் போட்டி முற்றியது. 1973-இல் அவர் ம.இ.கா. தலைவர் பதவியிலிருந்து விலகி, வீ.மாணிக்கவாசகத்துக்கு வழிவிட்டார். அதே ஆண்டில்தான் பிரதமர் நாட்டில் இல்லாத வேளையில் ஒரு நாள் பதில் பிரதமராகப் பொறுப்பு வகித்தார். தோட்டத் தமிழர்கள் அந்தச் செய்தியைப் பெருமையோடு பேசிக்கொண்டார்கள்.

அண்டை வீட்டுக்கு ஒரு வாரியம்

1972-இல் தேசிய ஒற்றுமை அமைச்சு உருவாக்கப்பட்டபோது சம்பந்தன் அதன் அமைச்சரானார். 1974-இல் தேர்தல் அரசியலை விட்டு ஒதுங்கிய பின், தேசிய ஒற்றுமை வாரியத்தின் தலைவராக நியமிக்கப்பட்டு 1978 வரை பணியாற்றினார். பதவி ஆசை உள்ளவர்கள் இதை ஓய்வு பெற்றவருக்கான நாற்காலி என்று எண்ணக்கூடும். ஆனால் நம் அன்றாட வாழ்க்கையை நேரடியாகத் தொட்ட ஏற்பாடுகள் அந்த வாரியத்தின் காலத்தில்தான் வந்தன.

அவற்றில் முதன்மையானது ருக்குன் தெத்தாங்கா எனும் அண்டை அயலார் திட்டம். 1975 ஆகஸ்ட் 29-ஆம் நாள் கோலாலம்பூர், கம்போங் காசிப்பிள்ளையில் பிரதமர் துன் அப்துல் ரசாக் அதைத் தொடக்கி வைத்தார். ஈழத்தமிழர் ஒருவரின் பெயரைத் தாங்கிய குடியிருப்பில் நாட்டின் அண்டை அயலார் திட்டம் தொடங்கியது என்பது நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

அந்த நாட்கள் அச்சம் நிறைந்தவை. 1974 ஜூனில் நாட்டின் போலீஸ் படைத் தலைவர் கோலாலம்பூர் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1975 ஆகஸ்ட் தொடக்கத்தில் ஜப்பானிய செம்படையினர் தலைநகரக் கட்டடம் ஒன்றில் பலரைப் பிணை பிடித்தார்கள். அதே மாத இறுதியில் தேசிய நினைவுச்சின்னத்தில் குண்டு வெடித்தது. ஆகவே திட்டத்தின் முதல் நோக்கம் பாதுகாப்புதான். குடியிருப்பின் ஆண்கள் முறை வைத்து இரவில் ரோந்து போக வேண்டும். அது சட்டப்படி கட்டாயமாக இருந்தது.

ஆனால் ரோந்து என்ற அந்தக் கடமை, நினைத்ததைவிட அதிகமான வேலையைச் செய்தது. பகலில் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைக்காத அஹ்மாட்டும் ஆ ஹோக்கும் ஆறுமுகமும் நடு இரவில் ஒரே டார்ச் விளக்கோடு நடக்க வேண்டியிருந்தது என்று கற்பனை செய்து பாருங்கள். யாருடைய பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறான், யாருக்கு இனிப்பு நீர், யார் வீட்டில் கல்யாணம் என்பதெல்லாம் அந்த நடையில்தான் தெரியவரும். காவலுக்காகத் தொடங்கிய ஏற்பாடு 1983-க்குப் பின் நல்லுறவை முதன்மையாகக் கொண்டது. 2012-இல் அதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. 1976 முதல் ருக்குன் தெத்தாங்கா பகுதிகளில் எல்லா இனப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் ஒற்றுமைப் பாலர் பள்ளிகள் திறக்கப்பட்டன. அப்பாக்கள் ரோந்திலும் பிள்ளைகள் பாலர் வகுப்பிலும் பழகத் தொடங்கினார்கள்.

ஆய்வுகள் சொல்வது

இதற்கு ஆதாரமான கருத்தை ஹார்வர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-லேயே எழுதியிருந்தார். வெவ்வேறு இனத்தார் அருகில் இருந்தால் மட்டும் வெறுப்பு குறைந்துவிடாது என்றார் அவர். பழகும்போது இருவரும் சமநிலையில் இருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே இலக்கு இருக்க வேண்டும். போட்டி போடாமல் ஒத்துழைக்க வேண்டும். சட்டமும் அதிகாரமும் அந்தப் பழக்கத்தை ஆதரிக்க வேண்டும். இந்த நான்கும் சேர்ந்தால்தான் மனம் மாறும். ரோந்துக் குழுவை எண்ணிப் பார்த்தால் நான்கும் அதில் இருப்பது தெரியும்.

அதே பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பட்னம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு கசப்பான ஒன்றைச் சொன்னது. அமெரிக்காவில் ஏறக்குறைய 30,000 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பில், பல இனத்தார் கலந்து வாழும் பகுதிகளில் மக்கள் ஒருவரை ஒருவர் நம்புவது குறைவாக இருந்தது. அடுத்த இனத்தாரை மட்டுமன்றி, சொந்த இனத்தாரையும் குறைவாகவே நம்பினார்கள். ஆமை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வது போல வீட்டுக்குள் ஒதுங்கினார்கள். வாழ்க்கையில் நிறைவாக இருக்கிறோம் என்று சொன்னவர்களும் சற்றுக் குறைவு. ஆனால் இது ஆரம்பக் காலத்து நிலை என்றும், பொதுவான அடையாளம் ஒன்றை வளர்த்துக்கொண்ட சமூகங்கள் காலப்போக்கில் இதைக் கடந்து வந்திருக்கின்றன என்றும் பட்னமே முடித்தார். ஏழ்மையும் வீடு நிலையில்லாமையும் நம்பிக்கையைக் குறைக்கும் பெரிய காரணங்கள் என்று பிறகு வந்த ஆய்வாளர்கள் பலர் எடுத்துக்காட்டினார்கள்.

சம்பந்தனின் வாழ்வை இதோடு வைத்துப் பார்த்தால் ஒரு வரிசை தெரிகிறது. முதலில் குடியுரிமை, பிறகு காலடி மண், பிறகு பிள்ளைகளுக்குப் பள்ளி, கடைசியில் அண்டை வீட்டாரோடு சேர்ந்து செய்ய ஒரு பொது வேலை. அவர் இந்த வரிசையைத் திட்டம் போட்டு எழுதி வைத்துக்கொண்டு நடந்தார் என்று சொல்ல முடியாது. காலம் அவருக்கு அந்த வரிசையில் வேலை கொடுத்தது. ஆனால் அடிப்படை உறுதி இல்லாதவரிடம் போய் ஒற்றுமையாக இரு என்று உபதேசம் செய்வதில் பயனில்லை என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

விட்டுச் சென்றது

1979 மே 18-ஆம் நாள், 60 வயது நிறைய ஒரு மாதமே இருந்த நிலையில், துன் சம்பந்தன் கோலாலம்பூரில் காலமானார். மனைவி தோ புவான் உமாசுந்தரியும் ஒரே மகளும் அவருடைய குடும்பம். பிரிக்பீல்ட்ஸில் உள்ள முதன்மைச் சாலைக்கும், மோனோரயில் நிலையம் ஒன்றுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அவர் தோற்றுவித்த கூட்டுறவுச் சங்கம் இன்றும் இயங்குகிறது.

சாலைக்கு வைத்த பெயரைவிட அவர் விட்டுச் சென்ற வேலை பெரியது. நம் மலையில் அந்த வேலை இன்னும் முடியவில்லை. 2013 அக்டோபர் 23 இரவு பெர்த்தாம் வேலியில் வெள்ளம் புகுந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். மண் சரியும் மலையில், தீயணைப்பு வண்டி வருவதற்கு முன் கதவைத் தட்டப் போகிறவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவர் பெயரும் கைப்பேசி எண்ணும் நமக்குத் தெரியுமா, நம்முடையது அவருக்குத் தெரியுமா என்பது மலைவாழ் மக்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. தேயிலைக் கொழுந்தைக் கத்தரித்து மூட்டை கட்டும் கைகளில் பல இன்று நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவை. காய்கறித் தோட்டங்களில் மருந்தடிப்பவர்களும் அவர்களே. தோட்டத்து அறையில் பலர் சேர்ந்து தங்கி, முதலாளியின் அனுமதியை நம்பி, ஊருக்குப் பணம் அனுப்பி வாழ்கிறார்கள். 100 ஆண்டுகளுக்கு முன் நம் பாட்டன் பாட்டி இங்கே வந்திறங்கிய நிலையும் ஏறக்குறைய இதுதான். அன்று நம்மைக் கூலி என்று ஒதுக்கிய பார்வையால் நாம் பட்ட வேதனை நம் குடும்பங்களில் இன்னும் பேசப்படுகிறது. அதே பார்வையோடு நாம் இன்று அவர்களைப் பார்த்தால், அந்தப் பேச்சுக்குப் பொருள் இல்லாமல் போய்விடும்.

பெரிய திட்டங்கள் எதுவும் தேவையில்லை. ஆடித் திருவிழா அன்னதானத்துக்குச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சீனக் குடும்பத்தையும், கம்போங்கிலிருந்து காட்டுத் தேனும் பெத்தாயும் கொண்டுவந்து விற்கும் செமாய்ப் பெண்ணையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். தீபாவளி உபசரிப்பில் வங்காளத் தம்பிகளுக்கும் ஓர் இலை போடலாம். பகுதி ருக்குன் தெத்தாங்கா கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், அது தலைவர்களின் வேலை என்று விட்டுவிடாமல் வீட்டுக்கு ஒருவர் போகலாம். வடிகால் அடைப்பு, தெருவிளக்கு, பள்ளிப் பேருந்து, சரிவில் புதிதாக வெட்டப்படும் மண் என்று அங்கே பேச வேண்டியவை எல்லாம் எல்லோருக்கும் பொதுவானவை.

துன் சம்பந்தன் பிறந்தநாள் ஜூன் 16. கோயில் மண்டபத்திலோ பள்ளியிலோ அன்று ஒரு நினைவுக் கூட்டம் நடத்த எண்ணுபவர்கள், பக்கத்துச் சீனப்பள்ளிப் பிள்ளைகளையும் பூர்வக்குடிப் பிள்ளைகளையும் சேர்த்தே அழைக்கலாம். கடைசி ஆண்டுகளில் அவர் ஏற்றுக்கொண்ட பணிக்கு அது பொருத்தமாக இருக்கும்.